இரண்டு அந்தோணிகளின் ரத்தம்

1. கதவருகே நின்றது

சங்கு அந்தோணியின் வலது தோளில் பெட்டடின் தடவி, பச்சைத் துணி விரித்து, டாக்டர் அல்ட்ராசவுண்ட் ப்ரோபைக் கையில் எடுத்துவிட்டார். மானிட்டரில் தோள்பட்டைத் தசைநார் தெரிந்தது. என் கையிலிருக்கும் சிரிஞ்சை வாங்கி ஊசியைப் போடவேண்டியதுதான் பாக்கி. நான் ப்ரொசீஜர் ரூம் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன மல்லிகாம்மா, கொண்டாங்க" என்றார் டாக்டர்.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாரீங்களா?"

கிளவுஸ் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடியே வெளியே வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கிச் சொன்னேன்.

"இந்த சிரிஞ்சுல இருக்கது இவரோட ரத்தத்துல எடுத்ததுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு சார்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "சந்தேகம்னா எவ்வளவு?"

"பத்துல ஒன்பது பங்கு இவரோடதுதான்."

"மீதி ஒரு பங்கு?"

"ஹார்பர் அந்தோணியோடது."

டாக்டர் ஒரு கிளவுஸைக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். லேபில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்திருந்தேன் அப்போது. ஒரு தடவைகூட ஆள் மாற்றி ரிப்போர்ட் கொடுத்ததில்லை என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது. அந்தப் பெருமை இருந்ததால்தான் அன்று அந்தத் தப்பு நடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

"கொட்டிருங்க. ரெண்டையுமே" என்றார். "அப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

2. ஒரே பெயர் எழுதிய இரண்டு டியூப்

தூத்துக்குடியில் ஓர் எலும்பு மருத்துவமனை அது. ஹார்பரில் கண்டெய்னர் கட்டுகிறவர்கள், உப்பளத்தில் உப்பு வாரும் பலகையை இழுக்கிற பெண்கள், வலை இழுக்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள் என்று உடம்பை வைத்துப் பிழைக்கிற ஊர். தோள், முழங்கை, முழங்கால், குதிகால் என்று எங்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. மாத்திரைக்கும் ஃபிசியோதெரபிக்கும் கேட்காத வலி, ஆனால் ஆபரேஷன் வரைக்கும் போகவேண்டாத கிழிசல் என்று இடைநடுவில் நிற்கிற ஆட்களுக்காகத்தான் டாக்டர் பி.ஆர்.பி. என்கிற ஊசி சிகிச்சையைக் கொண்டுவந்தார்.

இளைய டெக்னீஷியன்களுக்கு இது தெரிந்த விஷயம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுப்போம். உறையாமலிருக்க மருந்து போட்ட டியூபில் அதை ஊற்றி, சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் மெதுவாகச் சுற்றவிடுவோம். சிவப்பு அணுக்கள் கீழே இறங்கிவிடும். மேலே லேசான மஞ்சளில் பிளாஸ்மா நிற்கும். அந்த மஞ்சளை மட்டும் இன்னொரு டியூபுக்கு மாற்றி, இரண்டாவது தடவை வேகமாகச் சுற்றுவோம். இப்போது பிளேட்லெட்டுகள் அடியில் சேர்ந்திருக்கும். மேல் தண்ணீரை எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற நான்கைந்து மில்லியைச் சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தால், டாக்டர் அதைக் காயம்பட்ட தசைநாரிலோ மூட்டிலோ போடுவார். காயத்தை ஆற்றுகிற சத்து பிளேட்லெட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

டாக்டர் எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவிடுவார். "இது மந்திரம் இல்ல. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. ஊசி போட்டுட்டு நாளைக்கே வேலைக்குப் போனா யாருக்குமே கேக்காது."

இதில் ஆபத்து குறைவு. காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவரவர் ரத்தம் அவரவருக்கே போகிறது. அந்த ஒன்று தப்பினால் வேறு எதுவுமே சரியில்லை.

அன்று சனிக்கிழமை. பி.ஆர்.பி.க்கு இரண்டு பேர். இரண்டு பேருக்கும் பெயர் அந்தோணி. கடற்கரையில் இது அதிசயமில்லை. ஒரு தெருவில் நின்று அந்தோணி என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவர் ஹார்பரில் லாஷிங் வேலை, கப்பலில் கண்டெய்னர்களைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது. அவருக்கு முழங்கையில் வலி. இன்னொருவர் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். அவருக்கு வலது தோளில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. நர்சுகள் ஹார்பர் அந்தோணி, சங்கு அந்தோணி என்று பிரித்துச் சொல்வார்கள்.

சங்கு அந்தோணிக்கு நாற்பத்து மூன்று வயது. ஆள் கறுத்து இறுகிப்போய் இருப்பார், பேச்சு குறைவு. சிலிண்டர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் கிடக்கிற நேரத்தைவிட, சங்குப் பையை இழுத்துக்கொண்டு மேலே வந்து அதைப் படகுக்குள் ஏற்றுகிற நேரம்தான் அவர் தோளைத் தின்றுவிட்டது. இரண்டு வருஷம் வலி மாத்திரை போட்டுக்கொண்டே கடலுக்குப் போயிருக்கிறார். பி.ஆர்.பி.க்கு முன்னால் ஒரு வாரம் அந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும். நிறுத்தியிருந்தார். அந்த ஒரு வாரமும் அவர் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தாராம். அவர் மனைவி ஞானம்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிவந்திருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். டாக்டருக்குப் பதினோரு மணிக்கு ஓர் ஆபரேஷன் இருந்தது. அதற்குள் இரண்டு ஊசியும் முடியவேண்டும். சென்ட்ரிஃபியூஜில் ஒரு டியூபை வைத்தால் எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் ஆடும். எப்போதும் எதிரில் தண்ணீர் நிரப்பிய டியூபைத்தான் வைப்பேன். அன்று நேரம் மிச்சமாகட்டும் என்று இரண்டு அந்தோணிகளையும் எதிரெதிரே வைத்துவிட்டேன்.

முதல் சுற்றில் தப்பில்லை. ரத்தம் எடுத்த டியூபில் ரிசப்ஷனில் கொடுத்த நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மஞ்சளை மாற்றுகிற இரண்டாவது டியூபில் நான் கையால்தான் எழுதுவேன். முதலாமவருடையதை மாற்றிவிட்டு "அந்தோணி" என்று எழுதினேன். அடுத்தவருடையதை மாற்றிவிட்டு "அந்தோணி" என்று எழுதினேன். கை தன்பாட்டில் எழுதியது, புத்தி அங்கே இல்லை. ஒன்றாம் குழியில் சங்கு, நான்காம் குழியில் ஹார்பர் என்று மனதில் வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தாலும் சென்ட்ரிஃபியூஜ் தானாகச் சுற்றாது, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பக்கத்து அறையில் செல் கவுண்டர் மெஷின் கத்தியது. டியூப் இரண்டையும் எடுத்து ரேக்கில் நிறுத்திவிட்டு அதைப் பார்க்கப் போனேன். வந்து, டியூபை வைத்து, மறுபடி சுற்றவிட்டேன். எல்லாம் முடிந்து ஒன்றாம் குழியிலிருந்ததைச் சிரிஞ்சில் ஏற்றி, எதிரே இருந்த டியூபைப் பார்த்தபோதுதான் அதிலும் அதே பெயர் என் கையெழுத்திலேயே இருப்பது தெரிந்தது.

ரேக்கில் எதை இடதுபுறம் நிறுத்தினேன்? திருப்பி வைத்தபோது எதை முதலில் எடுத்தேன்? நினைவை எவ்வளவு பிசைந்தாலும் "அப்படித்தான் இருக்கும்" என்றுதான் வந்தது. "அப்படித்தான்" என்று வரவில்லை.

அந்தச் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு ப்ரொசீஜர் ரூம் வரைக்கும் நடந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினைந்தடி தூரம் இருக்கும். அந்தப் பதினைந்தடியும் நான் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நடந்தேன்.

3. சொன்னது

டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்து மேனேஜர் லேபுக்கு வந்தார். நல்ல மனிதர், நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏம்மா, கரண்ட் போனது நெசந்தான?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ அதச் சொல்லு. கரண்ட் போயி மெஷின் நின்னுட்டு, ரத்தம் கெட்டுப் போச்சு, மறுபடி எடுக்கணும்னு. பொய் ஒண்ணும் இல்லல்லா? மாறிட்டுன்னு சொன்னா ஊரெல்லாம் பரவிரும். நாளைக்கு ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் சிக்கல். முழுப்பொய் என்றால் எனக்கு வாயில் வந்திருக்காது. பாதி உண்மை நாக்கு நுனியில் வந்து நின்றது.

முதலில் ஹார்பர் அந்தோணியிடம் போனேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு இன்னும் போடலல்லா? அப்போ என்ன, இன்னொரு தடவ எடுங்க. நாங்களும் கப்பல்ல பெட்டிய மாத்தி வச்சிருக்கோம். பாம்பேக்குப் போக வேண்டியது கொழும்புக்குப் போயிருக்கு." கையை நீட்டினார். டாக்டர் ஆபரேஷன் முடித்து வந்ததும், அவருக்கு அன்றே புதிதாகச் செய்து ஊசியும் போட்டாகிவிட்டது.

அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டு சங்கு அந்தோணியிடம் போனேன். அவர் சட்டையில்லாமல், தோளில் பெட்டடின் காய்ந்த மஞ்சளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞானம் பக்கத்தில் நின்றார். சொன்னேன். இரண்டு டியூபிலும் ஒரே பெயர் எழுதிவிட்டேன், எது உங்களுடையது என்று எனக்கு உறுதியில்லை, அதனால் கொட்டிவிட்டேன், தப்பு என்னுடையது.

"அப்போ எம்மேல இன்னொருத்தன் ரத்தத்த ஏத்தப் பாத்தீய" என்றார்.

"ஏத்தல. நிறுத்திட்டேன்."

"நிறுத்தலன்னா?"

அவரே தொடர்ந்தார்.

"யக்கா, நான் தண்ணிக்குள்ள போவும்போது சிலிண்டர்ல காத்து நெறைய இருக்குன்னு ஒருத்தன் சொல்லுதான். நான் தொறந்து பாக்க முடியாது. அவன் வாய்ச்சொல்லத்தான் நம்பிப் போறேன். எங்க பெரியப்பா மவன் ஒருத்தன் அப்பிடி நம்பித்தான் போனான். ரொப்புனதும் ரொப்பாததும் ஒண்ணா கெடந்திருக்கு. எடுத்துக் குடுத்துட்டான். பாதிலயே காத்து நின்னு, அவசரமா மேல வந்தான், அதுல கால் விழுந்துட்டு. இன்னைக்கும் கம்பு ஊணித்தான் நடக்கான்." சட்டையை எடுத்தார். வலது கையை நுழைக்க முடியாமல் ஞானம் உதவினார். "எடுத்துக் குடுத்தவனும் இதத்தான் சொன்னான். தெரியாம நடந்துட்டுன்னு."

"மறுபடி எடுக்கட்டுமா? எல்லாம் உங்க கண்ணு முன்னாலயே..."

"வேண்டாம்."

"ஏங்க, ஒரு வாரமா மாத்திரையில்லாம கெடந்தது வீணாப் போயிருமே" என்றார் ஞானம்.

"போவட்டும். வா ஏளா."

போய்விட்டார்கள். மேனேஜர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தார். "நான் சொன்னேம்லா" என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வையில் அது இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் என் கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. ஒரு மனிதன் சிகிச்சையை விட்டுவிட்டுப் போகக் காரணமாகிவிட்டேன் என்றுதான் இருந்தது.

4. திரேஸ்புரம்

இரண்டு வாரம் கழித்து ஞானம் மட்டும் லேபுக்கு வந்தார். கையில் ஒரு வெற்று மாத்திரை அட்டை.

"யக்கா, இது ஒரு நாளைக்கு எத்தன போடலாம்?"

வலி மாத்திரை. நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். "எத்தன போடுதாரு?"

"காலைல ரெண்டு, கடலுக்குப் போவும்போது ரெண்டு. முந்தாநேத்து மேல வந்தவரு படகப் பிடிச்சி ஏற முடியாமத் தண்ணியிலயே தொங்கியிருக்காரு. மத்தவங்கதான் கக்கத்துல கை குடுத்துத் தூக்கிப் போட்டிருக்காங்க. எங்கிட்ட அவரு சொல்லல, கூடப் போனவுங்க சொன்னாங்க." சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "அலை இருக்குத நாளா இருந்தா என்ன ஆயிருக்கும்?"

அன்று மதியம் டூட்டி முடிந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டு அவரோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நோயாளியைத் தேடிப் போவது லேப் டெக்னீஷியன் வேலையில்லை. அதுவரைக்கும் போனதுமில்லை. ஏரல் பக்கம் கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தவள் நான், தூத்துக்குடியில் அத்தனை வருஷம் இருந்தும் திரேஸ்புரம் கரைக்கு மீன் வாங்கக்கூடப் போனதில்லை.

படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. சங்கு அந்தோணி ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஞானத்தை முறைத்தார்.

"இவளா கூட்டியாந்தா?"

"நானாத்தான் வந்தேன்."

"என்னத்துக்கு?"

மாத்திரை அட்டையை அவர் முன்னால் வைத்தேன். "இத இப்பிடிப் போட்டா கிட்னி போயிரும். உங்க கிழிசல் இன்னும் பாதிதான். முழுசா அந்துபோச்சுன்னா அப்புறம் ஊசியில நிக்காது, ஆபரேஷன்தான். டாக்டர் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு. எம்மேல கோவம்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆனா போங்க."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"யக்கா, ஒண்ணு கேக்கேன். நீங்க வாயத் தொறக்காம அந்த ஊசியப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"டாக்டருக்கு?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்போ ஏன் சொன்னீய?"

நல்ல பதிலாக ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. வந்தது இவ்வளவுதான். "எனக்குத் தெரியும்லா" என்றேன்.

அவர் எழுந்து படகுக்குள் கையை விட்டு, சங்கு கிடந்த வலைப் பைகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து மணலில் போட்டார். நான்கு பைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒவ்வொரு நிறத்தில் நைலான் கயிறு கட்டியிருந்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

"எங்க படகுல சங்கு குளிக்குதவங்க நாலு பேரு. அதுல ரெண்டு பேரு அந்தோணி" என்றார். "பை எல்லாம் படகுல ஒண்ணாக் கெடக்கும்போது யாரு பையின்னு படகுல இருக்கவனுக்குத் தெரியணும்லா? பேரச் சொல்லி ஆகுமா? செவப்புன்னா நான். பையில செவப்பு, இடுப்புல செவப்பு." பனியனைத் தூக்கிக் காட்டினார். இடுப்புக் கயிற்றோடு ஒரு துண்டு சிவப்பு நைலான் முடிச்சுப் போட்டிருந்தது. "எந்த அவசரத்துலயும் மாறாது. நீங்க படிச்சவுங்க, பேர எழுதிக்கிட்டு இருக்கீய."

எனக்குச் சுரீர் என்றது. வெட்கம்தான். ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்ற திகைப்பு.

"இத எங்க லேப்ல செய்யலாமா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டயா கேக்கீய?" என்றார். முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

5. மறுபடியும்

அடுத்த வாரமே ஆறு நிறத்தில் ரப்பர் பேண்டும், அதே நிறத்தில் ஸ்டிக்கரும் வாங்கித் தரும்படி மேனேஜரிடம் கேட்டேன். "பள்ளிக்கூடமா நடத்துதோம்?" என்றார். ஆனால் வாங்கித் தந்தார். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு நிறம். அதே நிறம் முதல் டியூபில், இரண்டாவது டியூபில், சிரிஞ்சில். ரிசப்ஷன் நம்பரும் கூடவே இருக்கும். ஒரு நேரத்தில் மெஷினுக்குள் ஒருவருடைய ரத்தம்தான், எதிர்ப்பக்கம் தண்ணீர் டியூப். ஊசி போடுமுன் டாக்டர் நிறத்தைப் பார்ப்பார், நம்பரை வாய்விட்டுப் படிப்பார், நோயாளி தன் முழுப்பெயரையும் அப்பா பெயரையும் சொல்வார். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகாது.

சங்கு அந்தோணி ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தார். மெஷின் சுற்றுகிற நேரம் முழுவதும் லேபுக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிவப்பு என்று நான் எடுத்து வைத்திருந்தேன். அவர் கண் டியூபை விட்டு அகலவில்லை. அவர் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு வேலையையும் சொல்லிச் சொல்லிச் செய்தேன்.

ஊசி போட்ட பிறகு மூன்று நாள் வலி கூடும் என்று சொல்லியிருந்தோம். கூடியது. பாரசிட்டமால் தவிர வேறு மாத்திரை கிடையாது. இரண்டாம் நாள் ஞானம் போன் பண்ணினார். "யக்கா, சாப்புடல, பேசல. சவத்து ஊசி, இதுக்குப் போயிருக்கவே வேண்டாம்னு சொல்லுதாரு." பொறுக்கச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பயமாகத்தான் இருந்தது. அவ்வளவு பாடுபட்டு அவரைக் கூட்டிவந்து, இது கேட்காத கூட்டத்தில் அவர் இருந்துவிட்டால்?

ஆறு வாரத்தில் பெரிய மாற்றமில்லை. சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சி, ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி எல்லாம் ஃபிசியோ சொன்னபடி செய்தார். கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய வலையைச் சரிசெய்தார். அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது ஞானம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் படகு கிளம்பும்போது கரைக்குப் போகாமல் வீட்டுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாராம்.

டாக்டர் இரண்டாவது ஊசி ஒன்று போட்டார். அதற்கும் ரத்தம் நான்தான் எடுத்தேன்.

மூன்றாம் மாதம் செக்கப்புக்கு வந்தபோது ஞானம் உள்ளே நுழையும்போதே சொன்னார், "டாக்டரய்யா, இப்ப அந்தப் பக்கமாச் சாஞ்சு படுக்காரு." வலது தோளின் மேல் சாய்ந்து இரண்டு வருஷமாக அவர் படுத்ததில்லை. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். மெதுவாக, காது வரைக்கும் தூக்கினார். முகம் சுருங்கியது. ஆனால் கை நடுவில் நிற்கவில்லை.

ஸ்கேனில் கிழிசல் ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. டாக்டர் அதை மறைக்கவில்லை. "படத்துல பெரிய வித்தியாசம் இல்ல அந்தோணி. வலி குறைஞ்சிருக்கு, பலம் வந்திருக்கு. ஊசியால வந்துச்சா, மூணு மாசம் ஓய்வால வந்துச்சா, பயிற்சியால வந்துச்சான்னு எங்கிட்டக் கேக்காத. எல்லாம் சேந்துன்னு வச்சுக்குவோம். ஆனா பையைத் தூக்கிப் படகுல போடுத வேலை இனி உனக்குக் கெடையாது."

"அது இல்லாம என்னவே தொழிலு?" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. எழுந்து போகும்போது தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

அதற்கு வழி படகில் இருந்த மற்ற மூன்று பேரும் கண்டுபிடித்தார்கள். அடியில் சங்கு நிறைந்ததும் பையைக் கயிற்றில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் போதும், படகில் இருக்கிறவர் மேலே இழுத்துக்கொள்வார். நால்வருக்குமே அப்படி என்று வைத்துக்கொண்டார்கள், ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று. படகில் ஏறுவதற்குக் கயிற்றேணி ஒன்று கட்டிக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் அவர் கடலுக்குப் போனார். முதல் நாள் ஞானம் கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம், படகு திரும்பி வரும் வரைக்கும்.

6. இளைய டெக்னீஷியன்களுக்கு

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் பேசப் போனால், தப்பு நடந்தால் ஒத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. அதை எல்லோரும் சொல்வார்கள். ஒத்துக்கொண்டதும் எதிரே இருக்கிறவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபப்படுவார். எழுந்து போவார். நம்மால் அவருக்கு இன்னும் கெடுதலும் வரலாம். அந்தக் கோபம் அவருடைய உரிமை. அதை வாங்கிக்கொண்டு, அப்புறமும் நம் வேலையைப் பார்க்க வேண்டும். உண்மையைச் சொன்னதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. இது எனக்கு இருபத்தாறு வருஷம் தெரியாமல் இருந்தது.

இன்னொன்று. கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதீர்கள், அதுவும் நாம் யாருக்குத் தப்பு செய்தோமோ அவரிடமிருந்தே.

நான் ஓய்வு பெற்ற மாதம், இடது முழங்கால் வீக்கத்துக்குக் காட்டுவதற்காகச் சங்கு அந்தோணி வந்திருந்தார். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார். லேபில் எனக்குப் பதிலாக வந்திருந்த பெண் நன்றாகப் படித்தவள், கை சுத்தம். அவள் கையில் கட்டுவதற்கு ரப்பர் பட்டையை எடுத்தபோது அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்த அக்கா இல்லையா?"

நான் உள்ளே பீரோ சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தேன்.

"இவளும் நல்லா எடுப்பா" என்றேன்.

"எடுக்கட்டும். இன்னைக்கு நீங்க எடுங்க." கையை மேஜைமேல் நீட்டினார். நான் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார், "யக்கா, உங்க மேல எனக்கு அன்னைக்கு வந்த கோவம் இன்னும் முழுசாப் போகல, கேட்டீயளா."

"தெரியும்" என்றேன்.

"போகாது" என்றார். "எடுங்க."

ஊசி ஒரே குத்தில் ஏறியது.